சலுகையிலிருந்து உரிமைக்கு: ஜெர்மானிய நிறுவனங்களும் மாறும் சமூகமும்

நுழையும்முன்

தொழில் வளரும்போது மக்களின் வாழ்க்கைமுறை மாறுகிறது. மாறிய மக்கள் தொழில் நிறுவனங்களிடம் புதிய வினாக்களை எழுப்புகின்றனர். உழைப்பவருக்கு நிறுவனத்தில் உள்ள இடம் யாது என்னும் வினா, ஜெர்மனியில் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. அதற்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளை இப்பாடம் விளக்குகிறது.

உருக்கு நகரம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் மேற்கிலுள்ள ரூர் பகுதி நிலக்கரியாலும் உருக்காலும் பெருவளர்ச்சி கண்டது. சிற்றூர்களிலிருந்து வந்த மக்கள் எசன் முதலிய நகரங்களில் குவிந்தனர். அவர்களுக்குக் குடியிருக்கப் போதிய வீடுகள் இல்லை. நோயுற்றால் கூலியும் இல்லை. எசன் நகரில் உருக்காலை நடத்திய ஆல்பிரட் குரூப், தம் தொழிலாளர்க்கு நோய்க்கால உதவிநிதி, குடியிருப்புகள், பொருள் வழங்கும் கடைகள் ஆகியவற்றை ஏற்படுத்தினார். பயிற்சி பெற்ற தொழிலாளர் நிலைத்திருந்தால்தான் உற்பத்தி சிறக்கும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார். ஆயினும், தொழிலாளர் அரசியலில் ஈடுபடுவதை அவர் விரும்பவில்லை. முதலாளியின் சினத்துக்கு ஆளானவர் வேலையோடு வீட்டையும் இழக்க நேர்ந்தது. அங்குக் கிடைத்தது சலுகை, உரிமையன்று.

தொழிலாளர் இயக்கம் வலுப்பெற்றதைக் கண்ட ஜெர்மானியப் பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க், அதன் வளர்ச்சியைத் தடுக்க எண்ணினார். ஒருபுறம் அடக்குமுறைச் சட்டம் இருக்க, மறுபுறம் நலச்சட்டங்கள் வந்தன. 1883இல் நோய்க் காப்பீடும் 1884இல் விபத்துக் காப்பீடும் 1889இல் முதுமை, ஊனக் காப்பீடும் சட்டமாயின. நோக்கம் எதுவாயினும், முதலாளியின் மனநிலையைச் சார்ந்திருந்த உதவி சட்டத்தின் காவலைப் பெற்றது.

எர்ன்ஸ்ட் அபேயின் வழி

யேனா நகரில் நுண்ணோக்கிகள் செய்த கார்ல் சைஸ் நிறுவனத்தின் பங்குதாரர் எர்ன்ஸ்ட் அபே. இயற்பியல் பேராசிரியரான இவர் நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். நாள்தோறும் பதினான்கு மணி நேரத்துக்கும் மேலாகத் தம் தந்தை நின்றுகொண்டே உழைத்ததைக் கண்டு வளர்ந்தவர். அவர் 1889இல் அறக்கட்டளை ஒன்றை நிறுவிப் பின்னர்த் தம் பங்குகளை அதற்கே உரிமையாக்கினார். 1896இல் அவர் வகுத்த விதிகள், ஊதியத்துடன் கூடிய விடுப்பு முதலியவற்றைத் தொழிலாளரின் உரிமைகளாக்கின. உயர் அலுவலரின் ஊதியத்துக்கும் வரம்பு விதித்தன. 1900ஆம் ஆண்டில் அங்கு எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது.

இருண்ட காலம்

1920ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளர் தாமே தேர்ந்தெடுக்கும் ஊழியர் மன்றங்களைத் தோற்றுவித்தது. 1933இல் ஆட்சிக்கு வந்த நாசிகள் தொழிற்சங்கங்களை ஒழித்தனர். ஊழியர் மன்றங்களும் மறைந்தன. இரண்டாம் உலகப்போரின்போது, பிற நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டோரும் வதைமுகாம் கைதிகளும் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் வலிந்து வேலை வாங்கப்பட்டனர். எதிர்த்துக் கேட்கும் குரல் அடக்கப்பட்ட சமூகத்தில், திறன்மிக்க நிறுவனங்களும் கொடுமையின் கருவிகளாயின. 2000ஆம் ஆண்டில் ஜெர்மானிய அரசும் நிறுவனங்களும் இணைந்து 1,000 கோடி மார்க் நிதியில் ஓர் அறக்கட்டளையை அமைத்தன. எஞ்சியிருந்தோரில் 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதன்வழி இழப்பீடு பெற்றனர். அதற்குள் பாதிக்கப்பட்டவருள் பெரும்பாலோர் இறந்துவிட்டனர்.

முடிவெடுக்கும் மேசையில்

போருக்குப்பின் மேற்கு ஜெர்மனியில் தொழிலாளர் நிறுவன ஆட்சியிலேயே பங்கு கோரினர். 1951ஆம் ஆண்டுச் சட்டம், நிலக்கரி, உருக்கு நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுக்களில் முதலீட்டாளர்க்கு இணையான இடங்களைத் தொழிலாளர்க்கு வழங்கியது. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2,000 பேருக்கு மேல் பணிபுரியும் பிற நிறுவனங்களிலும் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்குக் கிடைத்தன. எனினும், வாக்குகள் சமமானால் தலைவருக்கு இரண்டாம் வாக்கு உண்டு. அத்தலைவர் பெரும்பாலும் முதலீட்டாளர் தரப்பினராகவே இருப்பார்.

வந்தவரும் தங்கியவரும்

பெருகிய உற்பத்திக்கு ஆட்கள் போதாமையால் 1955இல் இத்தாலியுடனும் 1961இல் துருக்கியுடனும் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. வந்தவர்கள் ‘விருந்தினர் தொழிலாளர்’ எனப்பட்டனர். துருக்கியர் இரண்டு ஆண்டுகளில் திரும்பிவிட வேண்டும் என்பது தொடக்க ஏற்பாடு. பயிற்சி பெற்றவரை அனுப்பிவிட்டுப் புதியவருக்கு மீண்டும் பயிற்சியளிப்பதை நிறுவனங்கள் விரும்பவில்லை. ஆதலால் 1964இல் அவ்வரம்பு நீக்கப்பட்டது. தங்கியவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொண்டனர். பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்குச் சென்றனர். ஆலையின் தேவை ஒரு நாட்டின் மக்கள்தொகை அமைப்பையே மாற்றியது.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தால், நாட்டின் தேர்தலில் வாக்குரிமை இல்லாத துருக்கியத் தொழிலாளியும் தம் ஆலையின் ஊழியர் மன்றத் தேர்தலில் போட்டியிட முடிந்தது. அயல்நாட்டுப் பெற்றோர்க்கு ஜெர்மனியில் பிறக்கும் குழந்தைகள் சில நிபந்தனைகளுடன் பிறப்பாலேயே குடியுரிமை பெறும் சட்டம் 2000ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

இன்றைய ரூர்

ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. அரசும் நிறுவனமும் தொழிற்சங்கமும் 2007ஆம் ஆண்டிலேயே கூடிப் பேசி, தொழிலாளரைத் திடீரென வேலையிழக்கச் செய்யாமல் படிப்படியாக மூடுவதென முடிவு செய்திருந்தன. குரூப்பின் காலத்தில் முதலாளி வகுத்ததே முடிவாக இருந்த அப்பகுதியில், சுரங்கத்தின் இறுதி நாளைக் குறிப்பதிலும் தொழிலாளர் தரப்பு பங்கேற்றது. எந்திரங்கள் மாறும் இன்றைய சூழலிலும், எம்மாற்றத்தை யார் கூடி முடிவு செய்வது என்பதே அச்சமூகத்தின் முன் நிற்கும் வினாவாகும்.

தெரிந்து தெளிவோம்

எசன் நகரின் சோல்வெரைன் நிலக்கரிச் சுரங்கம் 1986இல் மூடப்பட்டது. அதன் வளாகத்தை யுனெஸ்கோ 2001ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.