படிக்கட்டுக் கைப்பிடி

கொச்சிக்குக் குடிவந்த நம்மவர் சிலர் இன்று காக்கநாட்டுப் பக்கம் சொந்த மாடி வீடு கட்டும் நிலைக்கு உயர்ந்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. நாமும் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு மாடி எழுப்பினோம். படிக்கட்டுக்குக் கைப்பிடி அமைக்கும் வேளை வந்தபோது, மயிலும் கொடியுமாகப் படம் வரைந்து இரும்புப் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம்.

பட்டறைப் பெரியவர் படத்தைச் சற்று நேரம் நோக்கிவிட்டு, "வீட்டில் தவழும் குழந்தை உண்டோ?" என்று வினவினார். உண்டு என்றோம். "அப்படியானால் இந்த இடைவெளி ஆகாது, குழந்தை நுழைந்து விழும்" என்றார். நாம் திகைத்துப் போனோம். அழகை எண்ணிய நாம் குழந்தையை எண்ணவில்லை!

கம்பிகளுக்கிடையே 10 சென்டிமீட்டர் உருண்டை நுழையலாகாது என்பது இங்கிலாந்தின் கட்டட விதி. நாமும் அதனையே கொண்டோம். குறுக்குக் கம்பிகள் குழந்தைக்கு ஏணியாகிவிடும். ஆதலின் நேர்க்கம்பிகளே நன்று. உயரம் 1 மீட்டர் வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டின் இந்தியத் தேசியக் கட்டட நெறி.

அடுத்தது துரு. மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூதர் ஆலயத்தின் நடுமேடையைச் சுற்றிப் பித்தளைக் கம்பியழி விளங்குவதை நம்மில் பலர் கண்டிருப்போம். பித்தளை துருவேறாது, ஆனால் நம் கைக்கு எட்டாத விலை. இரும்பைக் கொண்டால் பற்றவைத்த இடங்களைத் தேய்த்துத் துப்புரவாக்கி, ரெட் ஆக்சைடு பூசிய பின்னரே வண்ணம் தீட்டவேண்டும்.

மேலே பிடிப்பதற்கு மரமே இதமானது. நன்கு உலர்ந்த தேக்கை, முதியோர் கை சுற்றிப் பற்றுமாறு 4 அல்லது 5 சென்டிமீட்டர் கனத்தில் உருட்டிக்கொள்க. ஈரமரம் பின்னர் முறுகி இணைப்பு விட்டுப்போகும். மரத்தைத் தாங்கும் பட்டை இரும்புக்கு முன்னரே வண்ணம் பூசிவிடவேண்டும். மரம் அமர்ந்தபின் அங்கே தூரிகை செல்லாது. திருகாணிகளைக் கீழிருந்து முடுக்கினால் கையில் எதுவும் குத்தாது.

இறுதியாக ஒன்று. கையில் பணம் தீர்ந்ததென்று கைப்பிடியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் எனப் புதுமனை புகுவோர் உளர். அன்றுதான் வீடு நிறையக் குழந்தைகளும் பெரியோரும் மாடியேறுவர். வண்ணமும் விளக்கும் காத்திருக்கலாம்; கைப்பிடி காத்திருக்கலாகாது. நம் வீட்டில் மயில் இல்லை. குழந்தை மட்டும் நேர்க்கம்பிகளைப் பற்றி நின்று கீழே எட்டிப் பார்த்துச் சிரிக்கிறது.