சிகிச்சை முடிந்த பின் வரும் இருமலைப் பருவகாலச் சளி என விட்டுவிடலாமா?

ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான காலப்பகுதி ஊவா மலைச்சரிவுகளில் தேயிலையின் மணம் கூடும் காலமாகும். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக வெலிமடை, பண்டாரவளை, பதுளை ஆகிய பிரதேசங்களின் மீது இறங்குகின்றது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிப்பெயர் தேடித்தந்ததில் இக்காற்றுக்குப் பெரும் பங்குண்டு. ஆயினும், அத்தேயிலையைக் கொய்யும் மக்களின் சுவாசத்துக்கு அதே காற்று சோதனையாகிவிடுகின்றது. பாதைப் புழுதியும், காய்ந்த புற்றரைகளில் மூளும் தீயின் புகையும் மூக்கையும் நெஞ்சையும் உறுத்துகின்றன. ஒக்டோபரில் மழை வலுத்ததும் லயன் அறைகளின் சுவர்களில் ஈரம் ஊறிப் பூஞ்சணம் படர்கின்றது. தும்மல், இருமல், முட்டு என்பன இக்காலங்களில் வீடுதோறும் கேட்கும் முறைப்பாடுகளாகும்.

ஏனையோருக்கு இது சில வாரத் தொல்லையே. ஆனால், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களுக்கு அவ்வாறு எண்ணிவிட முடியாது. இலங்கையில் ஆண்களிடையே வாய்ப்புற்றுநோயும் பெண்களிடையே மார்பகப் புற்றுநோயும் முதலிடம் வகிக்கின்றன. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் வழக்கம் வேரூன்றியுள்ள தோட்டப்புறங்களில் வாய்ப்புற்றுநோய் புதிய செய்தியன்று. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலையிலோ பதுளையிலோ சிகிச்சையை முடித்துக்கொண்டு வந்தவர், சில மாதங்களின் பின் இருமத் தொடங்கினால், “இது காற்றடிக்கும் காலத்துச் சளி” என்று அயலவர் ஆறுதல் கூறுவர். அந்த ஆறுதல் சில வேளைகளில் உயிருக்கே உலை வைத்துவிடும்.

ஒவ்வாமைக்கென்று சில அடையாளங்கள் உண்டு. அடுக்கடுக்கான தும்மல், மூக்கிலிருந்து நீராய் ஒழுகுதல், கண்ணிலும் மூக்கிலும் அரிப்பு ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. புழுதியிலோ புகையிலோ நிற்கும்போது இவை கூடும். அங்கிருந்து விலகினால் தணியும். பொதுவாகக் காய்ச்சல் இராது. இவ்வடையாளங்களுக்குப் பொருந்தாத இருமலும் இளைப்பும் வேறு காரணங்களால் வருவனவாக இருக்கலாம்.

அவற்றுள் முதலாவது, கதிர்வீச்சுச் சிகிச்சையின் பின்விளைவாகும். மார்புப் பகுதிக்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுள் சிலருக்கு, சிகிச்சை முடிந்து ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் நுரையீரலில் அழற்சி ஏற்படுகின்றது. வறட்டு இருமல், நடக்கும்போது இளைப்பு, சில வேளை இலேசான காய்ச்சல் என்பன அதன் குறிகளாகும். உரிய நேரத்தில் கண்டறிந்தால் மருந்தினால் தணிக்கலாம். இவ்வழற்சி பின்னர் நிலையான தழும்பாக மாறவும் கூடும்.

இரண்டாவது, மருந்துகளின் பின்விளைவாகும். பிளியோமைசின் என்னும் மருந்து நுரையீரலைப் பாதிக்கக்கூடியது. மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் டொக்சோரூபிசின் சிலருக்கு இதயத்தைப் பலவீனப்படுத்தும். அதன் விளைவு ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுவதும், இரு கால்களும் வீங்குவதும் இதயத்தின் எச்சரிக்கைகளே அன்றி ஒவ்வாமை அல்ல. இரத்தச்சோகையும் மலையேறுபவருக்கு இளைப்பைத் தரும்.

மூன்றாவது, தொற்று. இரசாயனச் சிகிச்சை பெற்றுவரும் காலத்தில் வெண்குருதிக் கலங்கள் குறைவதால், 38 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட காய்ச்சல் எந்நேரமாயினும் அவசர நிலையே. பரசிட்டமோல் விழுங்கிவிட்டு விடியும்வரை காத்திருத்தல் தகாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடலில் உறங்கிக்கிடந்த காசநோயும் தலைதூக்கலாம். எனவே இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியமாகும். இதனை அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகச் செய்துகொள்ளலாம். வாய், தொண்டைப் பகுதிகளில் சிகிச்சை பெற்றவர்களுக்கு உணவும் நீரும் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதுண்டு. உண்ணும்போது மட்டும் இருமல் வருமாயின் அதனை வைத்தியரிடம் கட்டாயம் கூற வேண்டும்.

ஒவ்வாமைதான் என்று வைத்தியர் உறுதிப்படுத்திய பின்னரும் கவனம் தேவை. மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் பிரிட்டன் மாத்திரை தூக்கத்தைத் தருவதுடன் வாயையும் உலரச் செய்யும். கதிர்வீச்சினால் ஏற்கெனவே உமிழ்நீர் வற்றியவருக்கு அது மேலும் துன்பமாகும்; சரிவான மலையில் கொழுந்து பறிப்பவருக்கோ தூக்கக்கலக்கம் ஆபத்தானது. தூக்கம் குறைந்த மாற்று மருந்துகள் உள்ளன. அவற்றை வைத்தியரிடம் கேட்டுப் பெறலாம். பிறருக்கு எழுதிக்கொடுத்த ஸ்டெரொயிட் மாத்திரைகளை இரவல் வாங்கி விழுங்குவது பெருந்தவறு. அவை தொற்றின் அறிகுறிகளை மறைத்துவிடுவதோடு நீரிழிவையும் கூட்டும். ஸ்டெரொயிட் கலந்த இன்ஹேலரைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்தல் வேண்டும்.

வீட்டிலும் செய்யக்கூடியவை உள. விறகடுப்பின் புகையே லயன் அறைகளின் முதல் எதிரி. புகைபோக்கி அமைக்க வசதியில்லாவிடினும், சமைக்கும் நேரத்தில் நோயாளி வெளியே காற்றோட்டமான இடத்தில் அமர்வது சாத்தியமே. சாம்பிராணிப் புகையும் நுளம்புச் சுருளும் இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஒன்றுபோலவே நுரையீரலை உறுத்துவனவாகும். போர்வைகளை வெயிலில் நன்கு காயவைத்தல், ஈரத்துணியால் தரையைத் துடைத்தல், புழுதியில் முகக்கவசம் அணிதல் என்பன செலவற்ற வழிகள்.

றமழான் மாதத்தில் நோன்பு நோற்க விரும்பும் நோயாளிகள் முன்கூட்டியே வைத்தியரை அணுகி மருந்து வேளைகளை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். நோயுற்றோருக்கு இஸ்லாம் சலுகை வழங்கியுள்ளது. இன்ஹேலர் பயன்படுத்துவதால் நோன்பு முறியுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், அதனை மார்க்க அறிஞரிடம் கேட்டறிதல் நன்று. மூச்சுத்திணறும் வேளையில் மருந்தைப் பிற்போடுதல் கூடவே கூடாது.

அனைத்திலும் முக்கியமானது ஒன்றுண்டு. தோட்ட மருந்தகத்தில் உள்ளவருக்கோ அருகிலுள்ள வைத்தியசாலையின் வைத்தியருக்கோ, எதிரே இருமி நிற்பவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் என்பது நாம் சொன்னாலன்றித் தெரியாது. ஊராருக்குத் தெரிந்தால் பிள்ளைகளின் திருமணம் தடைப்படும் என அஞ்சி நோயை மறைப்போர் பலர். அயலவரிடம் மறைப்பது அவரவர் விருப்பம்; வைத்தியரிடம் மறைப்பது ஆபத்து. வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் கொப்பியையும் சிறு காய்ச்சலுக்குச் செல்லும்போதும் கையிலெடுத்துச் செல்ல வேண்டும். அதிலுள்ள மருந்தின் பெயரும் கதிர்வீச்சு பெற்ற திகதியுமே வைத்தியருக்கு வழிகாட்டும்.

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், ஒரு கால் மட்டும் வீங்குதல், உதடு நீலமாதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடில் அன்றைய சம்பளம் இல்லை என்பதே தோட்டத் தொழிலாளியின் தயக்கத்துக்கு மூலகாரணம். ஆகவே பொறுப்பு நோயாளிக்கு மட்டுமன்று. சிகிச்சை முடித்தவர்கள் பரிசோதனைக்குச் செல்லும் நாளுக்குத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் வழிசெய்ய வேண்டும். சுகாதார ஊழியர்கள் நீண்ட இருமலுடன் வருவோரிடம் “முன்னர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றீர்களா?” என்று தமிழில் வினவ வேண்டும். பெரும் செலவிலும் துன்பத்திலும் மீட்டெடுத்த உயிர்களைச் சளி என்னும் சொல்லுக்குப் பலிகொடுக்கலாகாது.