காட்டு வேலை குறைந்தாலும் கால் ஓயக் கூடாது!

"ஏனுங்க, பொழுது கெளம்பறதுக்கு முன்னாலயே காட்டுக்குள்ள எறங்கறோம். எங்களுக்கு எதுக்குங்க தனியா நடைப்பயிற்சி?" கொங்குப் பகுதியில் அறுபதைத் தாண்டிய விவசாயிகளிடம் நடையைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பதில்தான் வரும்.

கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்து, கூடை கூடையாக எரு சுமந்த காலத்துக்கு அந்தப் பதில் சரி. இன்று மோட்டாரைச் செல்போனிலேயே ஓட விடுகிறோம். சொட்டுநீர் வால்வைத் திறந்துவிட்டால் மடை மாற்ற வேண்டியதில்லை. சொசைட்டிக்குப் பால் ஊற்ற மொபெட்டில் போகிறோம். மகன் திருப்பூருக்கோ கோயமுத்தூருக்கோ வேலைக்குப் போய்விட, காட்டைக் குத்தகைக்கு விட்டவர்களும் உண்டு. நாள் முழுக்கத் தோட்டத்தில் இருந்தாலும், கால் நடக்கிற நேரம் குறைந்துவிட்டது. மிச்சம் இருக்கும் வேலையும் குனிந்து களை எடுப்பது, குத்தவைத்துப் பால் கறப்பது என்று முதுகுக்கும் முழங்காலுக்கும்தான் பாரம் கொடுக்கிறது.

கணபதியில் ஓர் எடுத்துக்காட்டு

கோவை கணபதியில் வாழ்ந்த நானம்மாளைத் தெரியாதவர்கள் குறைவு. பொள்ளாச்சி பக்கம் ஜமீன் காளியாபுரத்தில் 1920-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையிடம் யோகாசனம் கற்றார். திருமணம், பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று குடும்பம் பெருகிய பிறகும் பயிற்சியை விடவில்லை. கணபதியில் இருந்தபடி ஊர்ப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். அவர் குடும்பத்திலேயே பலர் யோகா ஆசிரியர்கள் ஆனார்கள். தொண்ணூறைத் தாண்டியும் புடவை கட்டிக்கொண்டே ஆசனம் செய்து காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றபோது அவருக்கு வயது 98. 2019 அக்டோபரில், 99 வயதில் காலமானார்.

மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் இயற்கை விவசாயம் செய்த பாப்பம்மாளும் நமக்குத் தெரிந்தவர்தான். நூறு வயதைக் கடந்த பிறகும் காட்டில் இறங்கி வேலை செய்தவர். 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற அவர், 2024 செப்டம்பரில் மறைந்தார்.

இவர்களைப் பார்த்து அறுபத்தைந்து வயதில் யாரும் தலைகீழாக நிற்க வேண்டாம். கடப்பாரை பிடிக்கவும் வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இரண்டு பேருமே வயதைக் காரணம் சொல்லி உடம்பை நிறுத்தவில்லை. மாதம் ஒரு நாள் வெள்ளமாகப் பாய்ச்சுவதைவிடத் தினமும் கொஞ்சம் சொட்டுநீர் விடுவது பயிருக்கு நல்லது. உடம்புக்கும் அதே கணக்குதான்.

உள்ளே நடப்பது என்ன?

அறுபதுக்குமேல் தசை வேகமாகக் குறைகிறது. தொடை இளைத்தால் உட்கார்ந்த இடத்தில் இருந்து எழக் கை ஊன்ற வேண்டி வரும். அடுத்தது தடுமாற்றம், அதற்கடுத்தது விழுவது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பின் வலுவும் குறைவதால், வாசலில் வழுக்கி விழுந்தாலே இடுப்பு எலும்பு முறியலாம். அப்படிப் படுத்த பலர் பழையபடி நடமாடுவதில்லை. தோட்டத்துச் சாளையில் வயதானவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் குடும்பத்தில் ஒருவர் படுத்தால், மாடு கன்று முதல் சோறு வரை எல்லாம் நின்றுபோகும்.

நடக்கும்போது கெண்டைக்கால் தசை, காலில் தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தசை வேலை செய்யும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. உடல் எடையைத் தாங்கி நடப்பதால் எலும்பும் வலுவைக் காத்துக்கொள்கிறது.

எவ்வளவு நடக்கலாம்?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தினம் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரேயடியாக முடியாதவர்கள் காலை, மதியம், மாலை எனப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதல் வாரம் பத்து நிமிடமே போதும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட்டுப் பாடினால் மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம்.

அகலமான வண்டித்தடம், பள்ளிக்கூட மைதானம், கோயில் பிராகாரம் எல்லாம் நல்ல இடங்கள். ஒற்றையடி வரப்பு வேண்டாம். விடியும் முன் போனால் கையில் டார்ச் லைட்டும் தடியும் இருக்கட்டும். மருந்து அடித்த காட்டு ஓரம் நடக்கக் கூடாது. ரோட்டு ஓரம் என்றால் வெளிர் நிறச் சட்டை போட்டு, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

திண்ணையில் செய்ய நான்கு

நடை மட்டும் போதாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் தசை வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் வாரம் மூன்று நாளாவது தனிப் பயிற்சி செய்வது நல்லது.

1. கை ஊன்றாமல் நாற்காலியில் இருந்து எழுந்து உட்காருதல்: 10 முறை. முடியாதவர்கள் முதலில் கை ஊன்றலாம்.
2. சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குதல்: 10 முறை.
3. தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்றல்: ஒவ்வொரு காலுக்கும் 10 விநாடி.
4. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, முழங்கை மடித்து நீட்டுதல்: 10 முறை.

எதற்கும் மூச்சை அடக்கக் கூடாது. நாற்காலி ஆடாமல் சுவரை ஒட்டி இருக்கட்டும்.

வாசலையும் கொஞ்சம் கவனியுங்கள். குறுக்கே கிடக்கும் ஹோஸ் பைப், பாசி பிடித்த குளியலறை, வெளிச்சம் இல்லாத மாட்டுக் கொட்டகை மூன்றும் ஆளைத் தள்ளும். மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நடப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். மாடு மிரண்டால் ஆளையும் இழுத்துப் போகும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

முழங்கால் வலிக்கிறது. நடக்கலாமா?

தேய்மான வலி என்றால் சமதளத்தில் மெதுவாக நடப்பது நல்லது. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ, நடந்த வலி மறுநாளும் அதிகமாக இருந்தாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோயாளிகள் என்ன செய்ய வேண்டும்?

வெறும் காலில் நடக்கக் கூடாது; பாதம் மரத்திருந்தால் முள் குத்தியதே தெரியாது. தினமும் சாயங்காலம் பாதத்தைப் பாருங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நடக்காமல், மடியில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள். கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போடலாம்.

நடந்தால் மாத்திரையை நிறுத்தலாமா?

மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. ரத்த அழுத்தம், சர்க்கரைக்கான மாத்திரைகள் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. அந்தப் பணியாளரிடம் இயன்முறை சிகிச்சை பற்றியும் கேட்கலாம்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

இதய நோய் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், அடிக்கடி தலைசுற்றல் வருபவர்கள். நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, இடது கை வலித்தாலோ, பேச்சுக் குழறினாலோ அப்படியே உட்கார்ந்து 108-ஐ அழைக்க வேண்டும்.

வீட்டில் இருக்கும் இளையவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. "அப்பாரு, நீங்க உக்காருங்க" என்று எல்லாவற்றையும் கையில் இருந்து வாங்கிவிடாதீர்கள். முடிந்த வேலையை அவர்களே செய்யட்டும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும் பேத்தியை அம்மாயியோடு வண்டித்தடம் வரை நடக்க அனுப்புங்கள். துணை இருந்தால் நடை நிற்காது.