வளைவுக்கு முன்பே முடிவெடுங்கள்

"காட் ரோட்ல இந்த பைக்காரப் பசங்க ஏன் அண்ணாச்சி நடுரோட்டுலயே வர்றானுங்க?"

மழை தொடங்கிவிட்டால் மும்பை செம்பூர் டீக்கடையில் புதிதாகக் கார் வாங்கியவர் யாராவது இதைக் கேட்டுவிடுவார். தாராவி, மாதுங்கா, செம்பூர்ப் பையன்கள் ஞாயிறு விடிவதற்குள் சயான்–பன்வேல் சாலையில் ஏறி, கண்டாலா, லோனாவாலா பக்கம் பைக்கை விட்டுவிடுகிறார்கள். கேள்வி நியாயமானதுதான். இன்னொரு கட்டிங் டீ சொல்லுங்கள், நிதானமாகப் பேசலாம்.

முதலில் வழி. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேயில் பைக்குக்கு அனுமதி கிடையாது. கோபோலி வழியாகப் பழைய சாலையில்தான் போர் காட் ஏற வேண்டும். 1830இல் வண்டிப் பாதையாகத் திறந்த மலைவழி அது. கண்டாலாவை நெருங்கும்போது பழைய சாலையும் எக்ஸ்பிரஸ்வேயும் கொஞ்ச தூரம் ஒன்றாகிவிடும். லாரி, பஸ், கார், பைக் எல்லாம் ஒன்றையொன்று உரசாத குறையாக ஊரும் இடம். அமிர்தாஞ்சன் பாலம் இருந்தது அங்கேதான். மயிலாப்பூர்க் கம்பெனி என்று நாம் நினைக்கும் அமிர்தாஞ்சன் 1893இல் பிறந்தது இதே பம்பாயில். அதன் விளம்பரப் பலகைதான் பாலத்துக்குப் பெயர் கொடுத்தது. அந்தப் பாலத்தின் தூண்கள் சாலையை நெருக்கியதால், ஊரடங்கில் போக்குவரத்து ஓய்ந்திருந்த 2020 ஏப்ரலில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தூண்கள் போயின, வளைவு அப்படியேதான் இருக்கிறது.

இனி நடுரோட்டு விஷயம். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். பைக்கில் போகிறவனுக்கு இடப்பக்கம் திரும்பும் வளைவு வருகிறது என்று வையுங்கள். ஓரமாகவே போனால் பாறை மறைக்கும், எதிரே வருவது தெரியாது. நடுக்கோட்டுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் தூரம் வரை தெரியும். மழையில் சரிந்த மண்ணும் சரளையும் ஓரத்தில்தான் சேரும், அதற்கும் தப்பலாம். வலப்பக்க வளைவில் கதை வேறு. அங்கே நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால் டயர் நம் பக்கம், தலை எதிர்ப்பக்கம் என்றாகிவிடும். அப்படி வருகிறவனைத் தாராளமாகத் திட்டலாம்.

அடுத்தது பிடிமானம். பைக் டயர் ஒவ்வொன்றும் தரையைத் தொடுவது உள்ளங்கை அளவு இடத்தில். வளைவில் சாய்வதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் அந்தப் பிடிமானத்தைத்தான் பங்குபோட வேண்டும். முக்கால்வாசியைச் சாய்வே எடுத்துக்கொண்ட பிறகு பிரேக்கை அழுத்தினால் வண்டி வழுக்கும். அதுவும் முதல் மழையில், சாலையில் ஊறிக்கிடந்த எண்ணெய் மேலே மிதக்கும் நாளில் கேட்கவே வேண்டாம். ஆகவே நல்ல பைக்காரன் வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுவான். உள்ளே நுழைந்தபின் மனம் மாறுவதற்கு அவனுக்கு இடமில்லை. அருவி தெரிகிறதே, ஒரு செல்ஃபி எடுப்போம் என்று வளைவிலேயே காரை நிறுத்துவது அந்த நேரத்தில்தான் உயிருக்கு உலை வைக்கிறது.

காரில் போகிறவர் கவனிக்க இன்னும் சில உண்டு. பைக் கியரைக் குறைத்தே வேகம் தணிக்கும். அப்போது பின்னால் சிவப்பு விளக்கு எரியாது. இடைவெளி விட்டே போங்கள். உங்கள் கண்ணாடி ஓரத்துத் தூண் ஒரு பைக்கை முழுசாக மறைத்துவிடும். திரும்பும்முன் தலையை அசைத்துப் பாருங்கள். மழையிலும் பனிமூட்டத்திலும் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள்; எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று யாருக்கும் புரியாது. குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம்.

பைக்காரத் தம்பிகளுக்கும் ஒன்று: கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸின் முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் நுழைந்தால் நசுங்க வேண்டியதுதான்.

பின்னால் பைக் கூட்டம் வந்தால் வேகத்தைக் கூட்டவும் வேண்டாம், பதறி ஓரம் கட்டவும் வேண்டாம். உங்கள் தடத்திலேயே சீராகப் போங்கள். நேரான இடம் வந்ததும் அவர்களே தாண்டிப் போய்விடுவார்கள். முன்னால் போகிறவன் லோனாவாலாவில் இருக்கும் சிக்கி மிட்டாய் முழுவதையும் வாங்கித் தீர்த்துவிட மாட்டான்.