தோள் இடிப்பு வலியும் நுண்துளை அறுவை மருத்துவமும்: பெயரும் சான்றும்

முன்னுரை

கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது தோளின் மேற்புறத்தில் எழும் வலியை ஆங்கில மருத்துவ வழக்கு ‘இம்பிஞ்ச்மென்ட்’ எனச் சுட்டுகிறது. ஓர் உறுப்பின்மீது மற்றோர் உறுப்பு இடிபடுதல் என்பது இதன் பொருள். இங்கு நோயின் பெயரே காரணத்தையும் கூறிவிடுகிறது. அக்காரணம் எவ்வளவு தூரம் மெய்ப்பிக்கப்பட்டுள்ளது என்பதை, அதனடியாகத் தோன்றிய அறுவை முறையைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

கருத்தும் அறுவை முறையும்

தோள்பட்டை எலும்பின் மேல்முனைக்கும் மேற்கை எலும்பின் தலைக்கும் இடையே குறுகிய இடைவெளி ஒன்று உண்டு. கையைச் சுழற்றும் தசைகளின் நாண்கள் அதனூடே செல்கின்றன. எலும்பு முனையின் முன்பகுதி இந்நாண்களை அழுத்தித் தேய்ப்பதே வலிக்குக் காரணம் என அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நீர் 1972இல் விளக்கினார். அப்பகுதியைச் செதுக்கி நீக்கும் திறந்த அறுவையையும் முன்வைத்தார். 1987இல் ஹார்வர்ட் எல்மன் இதனையே சிறு துளைகள் வழியாக, மூட்டு உள்நோக்கிக் கருவியின் துணையுடன் செய்து பெற்ற முடிவுகளை வெளியிட்டார். தழும்பும் தசைச்சேதமும் குறைந்தமையால் இம்முறை விரைந்து பரவியது.

சான்றுகள்

2018இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு, 32 மருத்துவமனைகளைச் சேர்ந்த 313 நோயாளரை மூன்று குழுக்களாகப் பிரித்தது. முதற்குழுவினருக்கு எலும்பு செதுக்கப்பட்டது. இரண்டாம் குழுவினருக்கு உள்நோக்கி செலுத்தப்பட்டதேயன்றி எதுவும் நீக்கப்படவில்லை. மூன்றாம் குழுவினருக்கு அறுவையே இல்லை. தமக்கு எவ்வகை அறுவை நிகழ்ந்தது என்பதை முதலிரு குழுவினரும் அறியார். 48 புள்ளி அளவீட்டில் ஆறு மாதங்களுக்குப் பின் இம்மூன்று குழுக்களும் முறையே 32.7, 34.2, 29.4 எனப் பெற்றன. எலும்பைச் செதுக்கியதால் தனிப் பயன் விளையவில்லை. அறுவை பெறாதோரைவிட முதலிரு குழுவினரும் சற்று மேம்பட்டனர். எனினும் அவ்வேறுபாடு மருத்துவ நிலையில் பொருட்படுத்தத்தக்கதன்று. அதே ஆண்டில் வெளியான, 210 பேரைக் கொண்ட பின்லாந்து ஆய்வும் இரண்டாண்டுக் கண்காணிப்பின் முடிவில் இதனையொத்த முடிவையே கண்டது. இவற்றின் விளைவாக, 2019இல் ‘பிஎம்ஜே’ இதழின் வழிகாட்டுக் குழு இவ்வறுவையைத் தவிர்க்குமாறு உறுதியாகப் பரிந்துரைத்தது. நாண் முழுமையாகக் கிழிந்த நிலைக்கு இம்முடிவு பொருந்தாது.

முடிவுரை

அறுவைக்குப்பின் நோயாளர் நலம்பெற்றது உண்மையே. ஆனால் காலப்போக்கில் வலி தானே தணிதல், மருந்துப்போலி விளைவு, அறுவையைத் தொடர்ந்த ஓய்வும் பயிற்சியும் ஆகியன அந்நலத்தை விளக்கப் போதுமானவை. சிறிய துளை என்பது அறுவையின் ஊறுகளைக் குறைக்குமேயன்றி அதன் தேவையை நிறுவாது. எனவே தமிழில் கலைச்சொல் ஆக்குவோர் ‘இடிப்பு’, ‘நெரிப்பு’ போன்ற காரணப் பெயர்களைத் தவிர்த்து, ‘தோள்முனை அடிப்புற வலி’ என இடத்தை மட்டும் சுட்டும் பெயரைக் கொள்வது தகும். இடிபடுகிறது என்று கேட்கும் நோயாளர், இடிக்கும் எலும்பை அகற்றுவதே தீர்வு என எண்ணுதல் இயல்பு.