கொட்டேஷனின் கடைசி வரியைப் படியுங்கள்!

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைப் பையன் கொட்டேஷன் எழுதும் வேகமே தனி. மேலே பிராசசர், அடுத்து போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., மானிட்டர் என்று கடகடவென்று எழுதிக்கொண்டே போவான். ஒவ்வொன்றுக்கும் மாடல் நம்பர் இருக்கும், வாரண்டி எத்தனை வருஷம் என்றும் இருக்கும். கடைசி வரியில் மட்டும் மாடலும் கிடையாது, நம்பரும் கிடையாது: ‘கேபினெட் வித் எஸ்.எம்.பி.எஸ்.’

“இது எந்த எஸ்.எம்.பி.எஸ். தம்பி?”

“பெட்டிக்குள்ளயே 450 வாட்ஸ் வருது சார். தனியா எதுக்கு?”

ஜூன் மாதம் சொந்தக்காரர்களின் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் மாமா, சித்தப்பாமார்கள் எல்லோரும் மேலே உள்ள வரிகளுக்குத்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கடைசி வரிக்குத் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். கதையே அங்கேதான் இருக்கிறது.

பிராசசர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பி.காம். சேரும் அக்கா பையனுக்கு டேலி, எக்ஸெல், ஆன்லைன் வகுப்பு போதும் என்றால், 2022-ல் வந்த கோர் ஐ3 12100 தாராளம். “மாமா, கேமும் ஓடணும்” என்று போனில் பின்னாலிருந்து குரல் கேட்டால் ரைசன் 5 5600ஜி. ஆறு கோர், உள்ளேயே ஓரளவு நல்ல கிராபிக்ஸ். பெயருக்குப் பின்னால் ‘எஃப்’ போட்ட மலிவு மாடல்களில் கை வைக்காதீர்கள். அவற்றில் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போடாமல் திரையில் எதுவும் வராது. ராம் விலை ஏறிக் கிடக்கிறது, உண்மைதான். ஆனாலும் 16 ஜிபி ஒன்றாக வாங்குவதைவிட 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ், ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது. இரண்டு ஸ்டிக் இருந்தால் அதற்கு இரண்டு வழி.

‘ஐ5, 16 ஜிபி, 512 எஸ்.எஸ்.டி. வெறும் பன்னிரண்டாயிரம்’ என்று ஆசை காட்டும் செட்டுகளைக் கண்டால் எந்த ஜெனரேஷன் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றாவது இருக்கும். அதாவது 2012-ல் வந்த பிராசசர், பெயர் தெரியாத எச்61 போர்டில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாவது ஜெனரேஷனுக்குக் கீழே இறங்கி வராது. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. லேப்டாப்பே வாங்கிவிடலாமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹாஸ்டலில் தங்கும் பிள்ளைக்கு அதுதான் சரி. வீட்டிலிருந்து போய் வரும் பிள்ளைக்கு டெஸ்க்டாப்.

இனி கடைசி வரிக்கு, அதாவது வீட்டுக் கரண்ட்டை கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு வருவோம்.

450 வாட்ஸா, எங்கே?

எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பெரிய எழுத்தில் இருக்கும் வாட்ஸ், பெண் பார்க்கப் போகும்போது சொல்லப்படும் சம்பளம் மாதிரி. பே-ஸ்லிப் கீழே கட்டத்துக்குள் இருக்கிறது. அதில் +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்குங்கள். 192 வாட்ஸ். இன்றைய மெஷினில் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். மீதிக் கணக்கெல்லாம், யாரும் அதிகம் தொடாத 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களைச் சேர்த்துக் காட்டிய ஜோடனை.

“கிராபிக்ஸ் கார்டு இல்லாத மெஷினுக்கு 192 போதுமே சார், பத்து வருஷமா இப்படித்தான் ஓடுது” என்பார்கள். ஓடுகிற மெஷின்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த 192-ஐ ஒழுங்காகக் கொடுக்கும் என்பதற்கு யார் ஜாமீன்? விலை குறைக்கும்போது முதலில் கழற்றப்படுவது, வோல்டேஜ் எகிறினாலோ ஷார்ட் ஆனாலோ தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்புச் சுற்றுகள்தான். அவை இல்லாத எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போகாது. போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். போர்டில் கருகிய தடம் தெரிந்தால் வாரண்டியும் கிடைக்காது. அதனால் ‘80 பிளஸ்’ முத்திரையும், எழுத்துபூர்வமான வாரண்டியும் உள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்த முத்திரை உள்ளே வாங்கும் கரண்ட்டில் குறைந்தது 80 சதவீதத்தை வெளியே கொடுக்கிறது என்பதற்குத்தான், பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் அந்தப் பரிசோதனைக்குப் போகிற தயாரிப்பாளர், ஸ்டிக்கரில் இஷ்டத்துக்கு அச்சடிக்கிறவராக இருப்பது அபூர்வம். கூடுதலாக இரண்டாயிரம் ரூபாய் ஆகலாம். வண்ண விளக்கு ஃபேன், கண்ணாடிக் கதவு கேபினெட் இரண்டையும் விட்டுவிட்டால் அது வந்துவிடும்.

சுவரில் என்ன இருக்கிறது?

நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கிவிட்டோம், முடிந்ததா என்றால் இல்லை. “புதுசா வாங்கின கம்ப்யூட்டரைத் தொட்டா சுர்ருங்குதுப்பா” என்று அடுத்த வாரமே போன் வரும். பழி அசெம்பிள் செய்தவர் தலையில் விழும்.

கோளாறு பெட்டியில் இல்லை, சுவரில். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் வந்து கேபினெட்டின் உடம்பில் சேரும். எர்த் இருந்தால் அந்தத் துளிக் கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கேபினெட் முழுக்க, வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். டெஸ்டரை வைத்தால் மினுக்கென்று எரியும். மொசைக் தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து பென் டிரைவ் சொருகுகிற பையனுக்குத்தான் அந்த ‘சுர்’. ஆளைக் கொல்கிற அளவு கரண்ட் அதில் இல்லை. ஆனால் உள்ளே இன்சுலேஷன் விட்டுப்போய் முழு ஃபேஸும் உடம்புக்கு வந்தால், அன்றைக்குக் காப்பாற்ற அந்த மூன்றாவது கம்பி வேண்டும்.

நம் வீடுகளில் அது எந்த லட்சணத்தில் இருக்கிறது? சுவரில் மூன்று ஓட்டை இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் கம்பியே வந்திருக்காது. அல்லது டூ-பின் கன்வெர்ட்டர் போட்டு மூன்றாவது பின்னையே காணாமல் அடித்திருப்போம். வீடு கட்டியபோது உப்பும் கரியும் போட்டு மூடிய எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. குழி இருக்கும் இடத்தின் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டவர்களும் உண்டு. யு.பி.எஸ். இருக்கிறதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். சுவரில் வராத எர்த்தை யு.பி.எஸ். உற்பத்தி செய்து தராது.

தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் மல்ட்டிமீட்டர் இருக்கும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே காட்டுவதைப் போலவே சுமார் 230 காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்டுதான் காட்ட வேண்டும். அதோடு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு குண்டு பல்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பளிச்சென்று எரிந்தால் சரி, அழுது வடிந்தால் குழியைத் தேடுங்கள். மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் ஆர்.சி.சி.பி. இருந்தால் பல்பு போட்டதுமே அது விழுந்துவிடும். அதுவும் நல்ல சேதிதான்.

ஆகவே பிராசசர் எது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன்னால் எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு போன் போடுங்கள். எர்த் சரியில்லை என்று அவர் சொன்னால், ரிச்சி ஸ்ட்ரீட் பயணத்தைப் பத்து நாள் தள்ளி வையுங்கள். பையன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்தான். எந்தக் காலேஜிலும் முதல் வாரமே டேலி நடத்திவிடப் போவதில்லை.