வழி தெரியாத ஊரில் வழித்துணை

யாத்திரையில் இடர்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் காத்திருப்பதில்லை. புதிய ஊரில் வந்து இறங்கிய முதல் சில நாழிகைகளிலேயே அவை எதிர்ப்படுகின்றன. ரயில் தாமதமாகிறது. பேசி வைத்த வண்டி வரவில்லை. பெரியவர்களின் மருந்து எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது தெரியவில்லை. எல்லாம் சீராகிக் கோயில் வாசலை அடையும்போது, உச்சிக்கால பூஜை முடிந்து நடை சாத்தியிருக்கிறது. இனி ஒருமுறை வர இயலுமா என்று எண்ணிப் புறப்பட்டு வந்த முதியவருக்கு அது சிறிய ஏமாற்றம் அன்று.

காஞ்சிபுரத்திற்கும் செங்கல்பட்டிற்கும் இடையே பாலாற்றங்கரையில் உள்ள வாலாஜாபாத், ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். தொண்டை நாட்டுத் திருத்தலங்கள் பலவற்றுக்கு இங்கிருந்து சாலை பிரிகிறது. மேற்கே காஞ்சி, தென்கிழக்கே பழைய சீவரம் லட்சுமி நரசிம்மர் மலைக்கோயில், அதன் எதிர்க்கரையில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல், தெற்கே உத்திரமேரூர், வடகிழக்கே உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். வண்டி அமர்த்திக்கொண்டு இவற்றைச் சேவிக்க வரும் குடும்பங்களுக்கு இவ்வூர் நல்ல தொடக்கம்.

ஆயினும் இன்று இது தொழிற்சாலைகள் சூழ்ந்த வட்டாரம். தாம்பரத்திலிருந்து படப்பை, ஒரகடம் வழியே வருவோர், ஆலைகளில் ஷிப்ட் மாறும் வேளையில் பணியாளர் பேருந்துகளுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் இடையே சிக்கிக்கொள்வதுண்டு. மழைக்காலத்தில் பாலாற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தபோது, வாலாஜாபாத்–அவளூர் தரைப்பாலம் சேதமுற்றுப் போக்குவரத்து தடைப்பட்டது. வரைபடம் காட்டும் குறுக்குவழியை நம்புவதைவிட, டீக்கடையில் ஒரு வார்த்தை கேட்டுச் செல்வதே நலம்.

வழி தெரியாமல் தவித்த யாத்திரிகர் வரிசையில் ஸ்ரீராமாநுஜரே முன்நிற்கிறார். குரு யாதவப்பிரகாசருடன் காசிக்குச் சென்றபோது, தம் உயிருக்குத் தீங்கு சூழப்படுவதைத் தம்பி கோவிந்தர் வாயிலாக அறிந்து, விந்திய மலைக்காட்டில் அவர் தனியே விலகிச் சென்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. இருள் சூழ்ந்தது. திசை புலப்படவில்லை. அப்போது வேடுவத் தம்பதியர் எதிர்ப்பட்டுத் துணையாக அழைத்துச் சென்றனர். விடியற்காலையில் வேடுவப் பெண் நீர் வேட்கையுற, அருகிலிருந்த கிணற்றிலிருந்து மும்முறை நீர் முகந்து வந்து கொடுத்தார் ராமாநுஜர். மீண்டும் முகந்து திரும்பியபோது இருவரையும் காணவில்லை. எந்த ஊர் என்று அங்கிருந்தோரைக் கேட்டார். புண்ணியகோடி விமானம் கண்ணுக்குத் தெரிந்தது, அது காஞ்சி. வேடுவராய் வந்தவர்கள் பேரருளாளனும் பெருந்தேவித் தாயாருமே என உணர்ந்து உருகினார். செவிலிமேட்டில் உள்ள அந்தச் சாலைக் கிணற்று நீரை நாள்தோறும் பெருமாளுக்குக் கொண்டுவந்து சமர்ப்பிக்கும் கைங்கரியம் அதன்பின் அவருடையதாயிற்று.

இந்த வரலாற்றில் நோக்கத்தக்க ஒன்று உண்டு. தாம் களைத்திருந்த வேளையிலும் உடன் வந்தவரின் தாகத்தையே அவர் முதலில் தீர்த்தார். அதன் பிறகுதான் தாம் எங்கு இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. வண்டி வராத கோபத்தில் ஒருவரையொருவர் நொந்துகொள்ளும் குடும்பத்திற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. முதலில் குழந்தைக்கும் முதியவருக்கும் நீரும் நிழலும், பிறகே மற்றவை.

காஞ்சி வரதரும் ஆண்டுதோறும் இவ்வழியே பயணம் மேற்கொள்கிறார். மாட்டுப் பொங்கலன்று பார்வேட்டைக்காகப் பழைய சீவரம் எழுந்தருளி, மலைமேல் வீற்றிருந்து, பின்னர் பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலில் மற்றத் தலத்துப் பெருமாள்களுடன் சேவை சாதிக்கிறார். வழியெல்லாம் மண்டகப்படி, நின்று, இளைப்பாறி, அடியார்க்கு அருளி நகரும் பயணம் அது. யாத்திரிகரும் அவ்வாறே வந்து சேரும் நாளை ஓய்வுக்கென ஒதுக்குவது நன்று. அன்று மாலை அருகிலுள்ள ஒரே கோயிலைச் சேவித்தால் போதும். மருந்து, ஒரு மாற்றுடை, அடையாள அட்டை ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். நடை திறக்கும் நேரத்தை முன்னரே விசாரித்துக் கொள்ளலாம். வண்டி ஓட்டுபவருக்கும் இரவு உறக்கம் கிடைக்க வேண்டும்.

திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராஜேந்திர சோழரின் 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, அங்கே கல்விச்சாலையோடு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும் இயங்கியதைத் தெரிவிக்கிறது. மருத்துவரும் பணியாளரும் அதற்கென நியமிக்கப்பட்டிருந்தனர். இறைவனைச் சார்ந்து வாழ்வோரின் உடல்நலம் பேணுவதும் வழிபாட்டின் பகுதியாகவே அன்று கருதப்பட்டது.

அந்தப் பொறுப்பு இன்று தலங்களின் அருகே வாழும் இல்லத்தாரையும் சேர்ந்தது. பெட்டியும் கையுமாகத் திகைத்து நிற்கும் வெளியூர்க் குடும்பத்திற்கு ஒரு செம்பு நீர் கொடுத்துச் சரியான வழி சொல்வதும் கைங்கரியமே. வேடுவ உருவில் வந்து பெருமாளும் பிராட்டியும் செய்தது அதுவேயன்றோ!